களைத்து வரும் இரவுகளுக்கு என்ன சமையல்?



சமையல் பகுதி என்றால் வழக்கமாகப் பிரியாணி, கோழிக்குருமா, தீபாவளி முறுக்கு என்று வாயூறும் சங்கதிகளாக இருக்கும். நான் எழுதப்போவது அப்படிப்பட்ட சமையல் அல்ல. விருந்தாளி வந்தால் எடுத்து வைக்கக் கூச்சப்படும் சமையல். கால் வலிக்க, கண் செருக, "ஐயோ, இனி அடுப்புப் பக்கம் போகவேண்டுமா!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோமே, அந்த இரவுகளுக்கான சமையல். நான் சமையலில் கெட்டிக்காரி அல்ல. பெக்கான் நானாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இதை எழுதத் தூண்டியதும் பள்ளியில் நடந்த ஒரு சம்பவந்தான். அது எனக்குப் பெருமை தரும் சம்பவம் அல்ல. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். கெட்டிக்காரப் பிள்ளை. வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். அப்படிப்பட்டவன் சில வாரங்களாகக் காலை முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கத் தொடங்கினான். பள்ளியில் கொடுக்கும் கூடுதல் உணவுத் திட்டச் சாப்பாடு வந்தால் மட்டும் எழுந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தெளிவாகிவிடுவான். ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, "ராத்திரி என்னப்பா சாப்பிட்டே?" என்று கேட்டேன். "பிஸ்கட்டு, டீச்சர்." "அதற்கு முந்தின நாள்?" "மைலோ." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் பயிற்சிப் புத்தகத்தில் சிவப்பு மையில், "பிள்ளைக்கு இரவு உணவு ஒழுங்காகக் கொடுக்கவும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எழுதிய கை என்னமோ சரியான காரியம் செய்துவிட்ட கையாகத்தான் எனக்கு அப்போது தெரிந்தது.

நாலு நாள் கழித்து அவன் அம்மா பள்ளிக்கூடம் வந்தார். அன்று அவருக்கு ஓய்வு நாளாம். அந்தப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார்.

"டீச்சர், பிள்ளையோட அப்பா சிங்கப்பூர்ல வேலை. விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனா, திரும்ப ஒம்பதாகும். எனக்கு ஏழிலிருந்து ஏழு ஷிப்டு. வேன் எல்லாரையும் இறக்கிவிட்டு எங்க வீட்டுக்கு வர்றப்ப எட்டேகால். அரிசியக் கழுவி வெச்சி, ஒரு கொழம்பு வெச்சா ஒம்பதரை. அதுக்குள்ள இவன் தூங்கிடறான். எழுப்பி ஊட்டினா வாயில சோத்தோட தூங்கறான். மாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அடுப்புக்கிட்ட விட முடியாது. ஒழுங்காக் கொடுக்கணும்னு எழுதியிருக்கீங்க. எப்படின்னு சொல்லுங்க டீச்சர், செய்யறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. ஆசிரியைக்குப் பதில் வராமல் போவது எத்தனை சங்கடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏனென்றால் சகோதரிகளே, அதே வாரத்தில் என் வீட்டில் மூன்று இரவு என் பிள்ளைகள் சாப்பிட்டது உடனடி மீ. மாலையில் கோப்பு வேலை, கூட்டம், வீட்டுக்கு வந்து சாய்ந்தால் எழ முடியவில்லை. என் பிள்ளைகளின் புத்தகத்தில் யாரும் சிவப்பு மையில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் தாயார் நினைவு வந்தது.

என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. 1980களில் நாங்கள் லயத்து வீட்டில் இருந்தோம். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சோறு வடித்து, குழம்பு வைத்துவிடுவார். தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடுவார். பிறகு நிரை பிடித்து வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி தூக்கி, ஸ்டோரில் பால் நிறுத்து வீடு வர மதியம் ஒன்று, ஒன்றரை ஆகும். குளித்து, பாயை விரித்து ஒரு மணி நேரம் அசதி தீரப் படுப்பார். நாலு மணிக்கு எழுந்தால் விறகு, தண்ணீர், துணி, அப்புறம் ராச்சமையல். ரப்பர் விறகு நின்று எரியும். ஆறரை மணிக்கெல்லாம் சுடுசோறு, ஒரு குழம்பு, கீரை, அப்பளம் என்று எங்களுக்குத் தட்டில் விழுந்துவிடும். ஏழரைக்குப் படுக்கை.

இதை நான் ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறேன் என்றால், நம் வீடுகளில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். என் மாமியாரும் சொல்வார்: "நாங்கல்லாம் பால் வெட்டிட்டு வந்து மூணு கறி வெச்சவங்கதான்!" வாஸ்தவம். வைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மதியம் வீடு வந்தவர்கள். இன்று தொழிற்சாலைக்குப் போகும் பெண் இருட்டில் போய் இருட்டில் வருகிறாள். சட்டத்தில் வார வேலை நேரம் 2023 ஜனவரியிலிருந்து 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் ஓவர்டைம் இல்லாமல் எத்தனை வீட்டில் கணக்குச் சரிவருகிறது? வேலை நேரம் மாறிவிட்டது. ராச்சோறு மட்டும் பால்வெட்டுக் காலத்து நேரப்படி, பால்வெட்டுக் காலத்து வரிசைப்படி வேண்டும் என்கிறோம். அங்கேதான் பெண்ணின் முதுகு ஒடிகிறது.

நம் தாய்மார்களின் கெட்டிக்காரத்தனம் மூன்று கறியில் இல்லை, இன்னோரிடத்தில் இருக்கிறது. களைப்பு வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்து வைத்தார்கள். முதல் நாள் குழம்பைச் சுண்ட வைத்தார்கள். நெத்திலியைத் தொக்காக்கிப் புட்டியில் அடைத்தார்கள். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது. மறுவாரம் அந்தப் பையனின் அம்மாவைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். சொல்லிக்கொடுக்கப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. நான் கற்றுக்கொண்டு வந்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் சோற்றுப்பானை. ரைஸ் குக்கர் என்று நாம் சொல்லும் மின்பானை இல்லாத வீடு இன்று நம்மிடையே இல்லை. இது ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த சாமான். அதை உருவாக்கும் பொறுப்பை எடுத்த மினாமி யோஷிததா என்பவருக்குச் சமையல் தெரியாது. அவர் மனைவி ஃபுமிகோதான் நாள்தோறும் சோறு பொங்கிப் பொங்கி, எத்தனை நேரம், எத்தனை சூடு என்று சோதித்துச் சொன்னார். அந்த அம்மாள் பட்ட பாட்டில்தான் இன்று நாம் பொத்தானைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போகிறோம்! பானைக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் போகாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு சட்டென்று ஏறும். பொத்தான் தானாக மேலே வந்துவிடும். அறிவியல் பாடத்தில் கொதிநிலை சொல்லும்போது இந்தப் பானையைத்தான் உதாரணம் காட்டுவேன்.

இந்தப் பானையில் சோறு மட்டுந்தான் ஆகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு குவளை அரிசியையும் அரைக் குவளை மைசூர்ப் பருப்பையும் சேர்த்துக் கழுவுங்கள். சிவப்பாக இருக்கும் மைசூர்ப் பருப்புதான் வேண்டும். துவரம்பருப்பு இந்தப் பானையில் அரிசியோடு சேர்ந்து வேகாது, விதை விதையாக நிற்கும். நாலு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள், ஒரு தக்காளி, இரண்டு பச்சைமிளகாய், கழுவிய நெத்திலி ஒரு பிடி, உப்பு குறைவாக. நெத்திலியிலேயே உப்பு இருக்கிறது. தண்ணீர் நாலரைக் குவளை. மூடிப் பொத்தானைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடலாம். பொத்தான் மேலே வந்ததும் பத்து நிமிடம் திறக்காமல் விட்டு, ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கிளறினால் சோறும் குழம்பும் ஒன்றாக முடிந்தது. கழுவவேண்டியது ஒரே பானை. களைத்த இரவில் சமைப்பதைவிடப் பாத்திரம் கழுவுவதுதான் பெரிய பாரம் என்பது என் அனுபவம்.

அந்த நெத்திலிச் சோறு வேகும்போதே, பானையோடு வரும் ஓட்டைத் தட்டை மேலே வைத்து, கழுவிய முட்டைகளை அடுக்கிவிட்டால் ஆவியில் அவையும் வெந்துவிடும். இது நான் சொன்னதல்ல, பையனின் பாட்டி சொன்னது. கண் தெரியாவிட்டாலும் கை மறக்கவில்லை. பாட்டிக்கு ஒரு குவளை அரிசிக்கு எத்தனை தண்ணீர் என்று விரல் கணுவால் அளக்கத் தெரியும். "அடுப்புதான் வேணாம்னுட்டா மருமக. இந்தப் பொட்டிய நான் தட்டமாட்டனா?" என்று கேட்டார். அவரை அடுப்புப் பக்கம் விடாதது சரிதான். ஆனால் காலையில் அரிசியையும் பருப்பையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போனால், மாலை ஆறரைக்குப் பாட்டி கழுவிப் போட்டு, பேரன் உடனிருந்து பொத்தானைத் தட்டினால் போதும் என்று எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஏழரைக்குப் பிள்ளை சாப்பிட்டிருப்பான். அம்மா வரும்வரை காத்திருக்கவேண்டாம். காலையிலேயே ஊறப் போட்டுவிட்டுப் போகலாமே என்று நான் சொன்னேன். நம் ஊர் வெக்கையில் பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் தண்ணீர் புளித்து வாடை வந்துவிடும் என்று பாட்டி என்னைத் திருத்தினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய சோற்றைப் பானையிலேயே இரவெல்லாம் வெறுமனே மூடி வைத்து, காலையில் கிளறிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது கூடாது. அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து, கொதித்தாலும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறகு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீக்கிரம் ஆறவிட்டு, சமைத்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் பழைய சோறு வேறு, அலட்சியமாகக் கிடந்த சோறு வேறு.

அடுத்தது சாடின் டின். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். மாதக் கடைசிச் சாப்பாடு என்று நாமே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். டின்னுக்குள் இருக்கும் மீன் ஏற்கெனவே வெந்த மீன். டின்னை மூடிய பிறகு பெரிய சூட்டில் வேக வைக்கிறார்கள். அதனால்தான் முள்ளும் மெத்தென்று ஆகிவிடுகிறது. அந்த முள்ளைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. மீன் வெந்தது என்றால் நாம் வேகவைக்கவேண்டியது வெங்காயம் மட்டுந்தானே! இதைப் புரிந்துகொள்ளாமல் நானும் எத்தனையோ வருடம் அந்த மீனை இருபது நிமிடம் கொதிக்கவிட்டுக் கூழாக்கியிருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சாடினுக்கு அன்னாசி போடுவார்கள். ஊர் பெயரே அன்னாசிப் பட்டணம் அல்லவா! ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் வந்தவர்களுக்குத் தெரியும், சாலையோரக் கடைகளில் அன்னாசி குவிந்து கிடக்கும். இந்தப் பக்கத்துக் கரிமண், அதாவது மக்கிய மரமும் இலையும் சேர்ந்த ஈர மண், மற்றப் பயிர்கள் பலவற்றுக்கு ஒத்துவராது. அன்னாசி அதில் சிரித்துக்கொண்டு வளரும். அந்தக் காலத்தில் ஜொகூரில் ரப்பர்க் கன்று பால் தரும்வரை கைச்செலவுக்காக ஊடே அன்னாசி போட்டார்கள் என்பார்கள் பெரியவர்கள். இப்போது அதிகம் கிடைக்கும் ஜோசபின் என்னும் சின்னப் பழம், மார்டி ஆராய்ச்சி நிலையத்தார் 1996இல் வெளியிட்ட இனம். ஜொகூர் அன்னாசியையும் சரவாக் அன்னாசியையும் கலந்து உண்டாக்கியது. பழத்தைப் பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். புரதத்தைக் கரைக்கும் ஒரு சத்து அதில் இருக்கிறது. நாக்கையே கொஞ்சம் கரைத்துப் பார்க்கிறது! அடுப்பில் ஏற்றினால் அந்தச் சேட்டை அடங்கிவிடும்.

செய்முறை சொல்கிறேன். சட்டியில் எண்ணெய், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை. வதங்கியதும் சின்னச் சின்னதாக நறுக்கிய அன்னாசி ஒரு கிண்ணம். அது கொஞ்சம் நீர்விட்டதும் மீன் மசாலைத்தூள் ஒரு கரண்டி, கூடவே டின்னிலிருக்கும் தக்காளிச் சாறு மட்டும், அரை டம்ளர் தண்ணீர். ஐந்து நிமிடம் கொதித்து எண்ணெய் மிதந்ததும் மீனை மெதுவாக இறக்கி, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். 425 கிராம் டின் ஒன்று ஐந்து பேருக்குப் போதும். புளி கரைக்கவேண்டாம், தேங்காய் அரைக்கவேண்டாம். சோறு இல்லையா, ரொட்டி போதும்.

அன்னாசி பாதி மிஞ்சினால் மறுநாள் ரசம் வைத்துவிடுவேன். புளிக்குப் பதில் அன்னாசி, ஒரு தக்காளி, ரசப்பொடி, நசுக்கிய பூண்டு. கொதி வந்ததும் அதில் வீட்டிலிருப்பவர்களின் எண்ணிக்கைக்கு முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து விட்டு, கிளறாமல் மூடி வையுங்கள். நாலைந்து நிமிடத்தில் முட்டை உருண்டு நிற்கும். ரசத்தில் முட்டையா என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். இப்போது அவர்தான், "அந்த முட்டை ரசம் வையேன்" என்கிறார்.

இனி நெத்திலிச் சம்பல். இதுதான் அந்தப் பையனின் அம்மாவிடம் நான் கற்றது. நான் செய்தால் மூன்றாம் நாளே நமத்து, ஒரு வாடை வந்துவிடும். அவர் சம்பல் ஒரு வாரம் நிற்கிறது. நெத்திலியைக் கழுவிய பிறகு துணியில் பரப்பி நன்றாக உலரவிட்டு, மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே எடுத்துவிடுகிறார். இருபது காய்ந்தமிளகாய், பத்துச் சின்ன வெங்காயம், பூண்டு, நகக்கண் அளவு பிளாச்சான், எல்லாம் அரைத்து அதே எண்ணெயில் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வதக்குகிறார். நான் அங்கேதான் அவசரப்பட்டிருக்கிறேன். அரைத்த விழுதில் ஈரம் இருக்கும்வரை அது கெடும். பிறகு கெட்டியான புளிக்கரைசல், கொஞ்சம் சர்க்கரை, மறுபடி சுண்டவிட்டு, நன்றாக ஆறியதும் நெத்திலியைக் கலந்து புட்டியில் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைக்கிறார். ஈரக் கரண்டி அதில் படக்கூடாது என்று வீட்டில் சட்டம். ஓய்வு நாளில் ஒரு மணி நேர வேலை. வாரத்தில் மூன்று இரவுக்குத் துணை. சோற்றுக்கு, ரொட்டிக்கு, வேகவைத்த கிழங்குக்கு, எதற்கும் ஒத்துப்போகும்.

கிழங்கு என்றதும் மரவள்ளி நினைவுக்கு வருகிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்று தின்று வெறுத்துப்போனவர் என் பாட்டி. கடைசிவரை வாயில் வைக்கவே மாட்டார். ஆனால் எங்களுக்கு அது பசார் மாலாமில் காசு கொடுத்து வாங்கும் பலகாரமாகிவிட்டது! தோலோடு உள்பட்டையையும் முழுக்க உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். அதில் இயல்பாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு, அரைவேக்காடு ஆகாது. வெந்த கிழங்கும் நெத்திலிச் சம்பலும் ஒரு முழு ராச்சாப்பாடு.

நெருப்பே மூட்ட முடியாத இரவும் உண்டல்லவா? அதற்கும் வெட்கப்படவேண்டாம். ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஒரு வாழைப்பழம். பிள்ளை பசியாறித் தூங்கினால் அது சாப்பாடுதான். ஆனால் உடனடி மீயை மட்டும் வெறுமனே கொடுக்காதீர்கள். அதை ஜப்பானில் 1958இல் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோ புண்ணியவான்தான், எத்தனையோ பேரின் பசியைத் தீர்த்தார். ஆனாலும் பொட்டலத் தூளில் உப்பு அதிகம். தூளில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி சாவிக் கீரையோ தவ்கேயோ சேர்த்தால் அது மாறிவிடும். இரவு ஒன்பதரைக்கு மலைபோலச் சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். நம் நாட்டுச் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் இனிப்புநீர் நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. சோற்றை வைத்துத்தான் அன்பை அளக்கிறோம் என்பதும் அதற்கு ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, ஆண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பத்திரிகையை வீட்டுக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் குடித்த டம்ளரை எடுத்து வைத்தவர் இல்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்டால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று பயம். அந்தப் பையனின் அம்மா வந்துபோன வாரந்தான் வாயைத் திறந்தேன். "ஏங்க, நான் வர்றதுக்கு முன்னால நீங்க வந்துட்டா, சோத்துப் பானையைத் தட்டி விட்டுடுறீங்களா?" அவ்வளவுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை தண்ணி ஊத்தணும்னு எனக்கு யாரும் சொன்னதே இல்லையே" என்றார். பத்தொன்பது வருடம்! நான் சொல்லித்தரவில்லை என்று அவர் இருந்திருக்கிறார், அவர் கேட்கவில்லை என்று நான் இருந்திருக்கிறேன். முதல் நாள் சோறு கஞ்சியாகிவிட்டது. யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்ணைக் காட்டினேன். மாமியார்தான், "பரவால்லடா, வயித்துக்கு நல்லது" என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கறிப் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை.

படிவம் இரண்டில் படிக்கும் என் மகனுக்கு இப்போது சாடின் பிரட்டத் தெரியும். மகளுக்கும் சொல்லித் தருகிறேன். ஆனால் அவனுக்குத்தான் முதலில் சொல்லித்தந்தேன், வேண்டுமென்றேதான்.

அந்தப் பையன் இப்போது காலையில் தூங்குவதில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் இன்னும் கண் செருகுகிறான். அப்பா வரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்காமல் அவன் தூங்குவதில்லையாம். அதற்கு எந்தச் சமையலும் மருந்தாகாது. ஆனால் வெறும் வயிற்றோடு வருவதில்லை. போன வாரம், "நான் உதவிய ஒரு நாள்" என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஆறு வரி எழுதியிருந்தான். பாட்டி அரிசி கழுவினார். நான் பொத்தானைத் தட்டினேன். முட்டை நான்கு. பாட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மூடி வைத்தேன். "முட்டை" என்பதில் ஒரு ட் குறைந்திருந்தது. சிவப்பு மையால் அதை மட்டும் திருத்தினேன்.

அவன் அம்மா கொடுத்தனுப்பிய சம்பல் புட்டி காலியாகி, கழுவிக் கவிழ்த்தபடி என் அடுப்படி மேடையில் இருக்கிறது. வெறும் புட்டியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது அல்லவா? என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் கெடாமல் நிற்கும் பக்குவம் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதிப் போடுங்கள் சகோதரிகளே.